அலாரம் வரம்பையும் முன்னுரிமையையும் எந்தக் கணக்கில் வைப்பது?

புதிதாக டிசிஎஸ் (ஆலையைக் கணினித் திரைகளிலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) நிறுவிய ஆலையில் கன்ட்ரோல் ரூம் பொறுப்பை ஏற்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமைப்பை விற்ற நிறுவனத்தார் எல்லா அளவீடுகளுக்கும் லோலோ (மிகக் குறைவு) 10, லோ (குறைவு) 20, ஹை (அதிகம்) 80, ஹைஹை (மிக அதிகம்) 90 சதவீதம் என்று ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹைஹை, லோலோ எல்லாம் உயர் முன்னுரிமை; மற்றவை நடுத்தரம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4000 அலாரங்கள் வருகின்றன, ஆபரேட்டர்கள் அவற்றைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். ஹை வரம்பை 85 ஆகவும் ஹைஹை வரம்பை 95 ஆகவும் தளர்த்திவிட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

போதாது. 4000 என்றால் இரவும் பகலும் ஏறத்தாழ 22 விநாடிக்கு ஒன்று வருகிறது. தளர்த்தினால் எண்ணிக்கை ஓரளவு குறையும். ஆனால் குறைந்து போனவற்றில் வேண்டாதது எது, வேண்டியது எது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அளவீட்டு வீச்சில் இத்தனை சதவீதம் என்று போட்ட எண்ணுக்கும் கலனுக்குள் நடப்பதற்கும் தொடர்பே கிடையாது. வரம்பை விளைவிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வைக்க வேண்டும்: கெடுதல் எந்த அளவில் நேருகிறது, அந்த அளவை எட்ட எத்தனை நிமிடம் பிடிக்கும், தடுப்பதற்கு ஆபரேட்டருக்கு எத்தனை நிமிடம் வேண்டும். முன்னுரிமை இதிலிருந்து வேறான ஒரு கேள்விக்கு விடை: இரண்டு அலாரங்கள் ஒன்றாக வந்தால் கை முதலில் எதற்கு நீள வேண்டும்? இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் ஆலையைப் போன்ற நிலை பல இடங்களில் ஏற்படுகிறது.

வரம்புக்குப் போவதற்கு முன், அலாரம் என்பது எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. 2009இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்ட, அலாரம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ 18.2 தரநிலையும், அதை ஒட்டி 2014இல் வந்த ஐஈசி 62682 தரநிலையும் சொல்வதன் சாரம் இது: கருவிக் கோளாறையோ, செயல்முறையின் விலகலையோ, இயல்பற்ற நிலையையோ ஒலியாலோ ஒளியாலோ இரண்டாலுமோ ஆபரேட்டருக்குத் தெரிவிப்பது அலாரம், அதற்கு அவர் உரிய நேரத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். கடைசியில் உள்ள அந்த நிபந்தனைதான் உயிர்நாடி. ‘பம்ப் ஓடத் தொடங்கியது’, ‘வால்வு முழுதும் திறந்தது’ என்பவை செய்திகள். அவற்றின் இடம் நிகழ்வுப் பதிவேடு. ‘இது வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று ஆபரேட்டரைக் கேட்டு, அவர் ‘அக்னாலெட்ஜ் செய்வேன்’, அதாவது பார்த்ததாகப் பொத்தானை அழுத்துவேன், என்று மட்டும் பதில் சொன்னால், அந்த அலாரத்தை நீக்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பழைய கன்ட்ரோல் ரூம்களில் சுவரில் அனன்சியேட்டர் பலகை இருந்தது. ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல், அதன் பின்னே ஒரு விளக்கு, களத்திலிருந்து தனியாக இழுத்த ஒரு கம்பி. பலகையில் 60 சன்னல்தான் உண்டென்றால் 61ஆவது அலாரத்துக்கு ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுத்தாக வேண்டும். அதற்காக இரண்டு நாள் வாக்குவாதம் நடக்கும். டிசிஎஸ்ஸில் ஒரு டேக்கை (ஓர் அளவீட்டுக்கு அமைப்பில் தரும் அடையாளப் பெயர்) உருவாக்கும்போதே ஹைஹை, ஹை, லோ, லோலோ, விலகல், மாறும் வேகம், தவறான சமிக்ஞை என ஏழெட்டு அலாரங்கள் செலவில்லாமல் கூடவே வந்துவிடுகின்றன. செலவு போனதோடு அந்த வாக்குவாதமும் போய்விட்டது. நீங்கள் இப்போது செய்யவிருக்கும் வேலையின் பெரும்பகுதி அந்த வாக்குவாதத்தைத் திரும்ப நடத்துவதுதான்.

இனி வரம்பு. நான் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்கொள்ளும் ஒரு கணக்கை முழுவதுமாகவே தருகிறேன். செங்குத்தான ஒரு தொட்டி. விட்டம் 3 மீட்டர். மட்டம் அளக்கும் டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 4 மீட்டர். அந்த வீச்சுக்குள் அடங்கும் கொள்ளளவு 28.3 கனமீட்டர். உள்வரத்து மணிக்கு 34 கனமீட்டர். கீழே உள்ள பம்ப் திரவத்தை அடுத்த பிரிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மட்டம் வழக்கமாக 50 சதவீதத்தில் நிற்கும், ஆடினால் 60 வரை போகும். 95 சதவீதத்தைத் தொட்டால் இன்டர்லாக் என்னும் தானியங்கிப் பாதுகாப்பு உள்வரத்து வால்வை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் தொட்டிக்குத் திரவம் அனுப்பும், காய்ச்சிப் பிரிக்கும் வடிகலம் நின்றுபோகும், மறுபடி நிலைக்குக் கொண்டுவர ஒரு ஷிப்ட் முழுதும் ஆகும்.

பம்ப் டிரிப் ஆகி, அதாவது தானாக நின்றுபோய், வெளியேற்றம் முற்றிலும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 34 கனமீட்டரை 28.3ஆல் வகுத்தால் மணிக்கு 120 சதவீதம், அதாவது மட்டம் நிமிடத்துக்கு 2 சதவீதம் ஏறும். இப்போது ஆபரேட்டரின் பக்கத்தைப் பாருங்கள். அலாரத்தைக் கண்டுகொள்ள ஒரு நிமிடம். பம்ப் நின்றதா, வால்வு மாட்டிக்கொண்டதா என்று இரண்டு மூன்று திரைகளைத் திறந்து பார்க்க 2 நிமிடம். வாக்கி டாக்கியில் களப்பணியாளரை அழைத்து, அவர் பம்ப் ஹவுஸுக்கு நடந்து போய்ச்சேர 4 நிமிடம். மாற்றுப் பம்பை ஓட்டி வெளியேற்ற வால்வைத் திறக்க 2 நிமிடம். ஏறிய மட்டம் திரும்பி இறங்கத் தொடங்க மேலும் ஒரு நிமிடம். ஆக 10 நிமிடம். 10 நிமிடத்தில் மட்டம் 20 சதவீதம் ஏறிவிடும். எனவே 95இலிருந்து 20ஐக் கழித்தால் 75. இந்த அலாரம் வரம்பைத் தாண்டியும் பொறுத்து ஒலிக்கும்படி 60 விநாடி தாமதம் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குள் இன்னும் 2 சதவீதம் ஏறும், ஆகவே 73. டிரான்ஸ்மிட்டரின் பிழைக்கு ஒன்றிரண்டு சதவீதம் விட்டு, 70 என்று முழுமையாக்கிக்கொள்ளலாம். வழக்கமான ஆட்டம் 60இல் முடிந்துவிடுவதால், இயல்பான ஓட்டத்தில் இந்த அலாரம் தொந்தரவும் செய்யாது.

இதே தொட்டியில் உங்கள் 80 சதவீத ஹை அலாரம் என்ன செய்திருக்கும்? 80இலிருந்து 95க்குப் போக ஏழரை நிமிடம். களப்பணியாளர் பம்ப் ஹவுஸுக்குள் கால் வைத்திருப்பார், வடிகலம் நின்றிருக்கும். 90 சதவீத ஹைஹை அலாரம் ஒலிக்கும்போது மிச்சமிருப்பது இரண்டரை நிமிடம். அதற்குள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஹை அலாரத்துக்குச் செய்யாத புதிய செயல் எதுவும் அதற்கென்று இல்லை. ஆகையால் அந்த ஹைஹையை எடுத்துவிட வேண்டும். 85, 95 என்று தளர்த்தினால் ஹை அலாரத்துக்கு 5 நிமிடம்தான் மிஞ்சும். ஹைஹை அலாரமோ இன்டர்லாக் இயங்குகிற அதே நொடியில் அடிக்கும்.

கணக்கு எப்போதும் இப்படி வசதியாக வந்து உட்காராது. உள்வரத்து நான்கு மடங்காக இருந்தால் மட்டம் நிமிடத்துக்கு 8 சதவீதம் ஏறும். 10 நிமிடத்துக்கு 80 சதவீதம் வேண்டும், அப்போது அலாரத்தை 15இல் வைக்க நேரும். வழக்கமான மட்டமே 50 என்னும்போது அது நடக்காத காரியம். இங்கே கணக்கு சொல்வது வேறு: இந்த ஆபத்தை மனிதனின் கையில் விட முடியாது, மாற்றுப் பம்ப் தானாக ஓடத் தொடங்கும்படி தர்க்கம் (லாஜிக்) எழுத வேண்டும். அலாரம் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இப்படிப்பட்ட இடங்களை மூடி மறைத்துவிடுவதுதான், என் அனுபவத்தில், சதவீத முறையின் மிகப் பெரிய கேடு.

லோ வரம்பு ஹை வரம்பின் கண்ணாடிப் பிம்பம் அல்ல. மட்டம் குறைந்தால் விளைவு பம்பின் உறிஞ்சு பக்கத்தில் நேருகிறது. வேகமும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. தனியாகவே கணக்கிடுங்கள், பல டேக்குகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே அலாரம் தேவைப்படும். வெப்பநிலையைப் பொறுத்தவரை பருவத்தையும் பார்க்க வேண்டும். குளிர்விப்பு நீரின் வெப்பநிலைக்கு மார்கழியில் பார்த்து வைத்த வரம்பு சித்திரை மதியங்களில் விடாமல் ஒலிக்கும்.

அடுத்தது டெட்பேண்டும் தாமதமும். வரம்பைத் தாண்டி ஒலித்த அலாரம் அடங்க வேண்டுமென்றால் அளவு எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பதுதான் டெட்பேண்ட். மேலே சொன்ன தொட்டியில் 70இல் ஒலித்து, 5 சதவீத டெட்பேண்டுடன் 65இல் அடங்கும். தொடக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அலாரம் அமைப்புகளுக்கான ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி சில எண்களைத் தருகிறது: ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1. தாமதத்துக்கு ஓட்டமும் அழுத்தமும் 15 விநாடி, மட்டமும் வெப்பநிலையும் 60 விநாடி. இவை தொடக்கம்தான். அலாரம் வரும் முன் காத்திருக்கும் ஆன் டிலே ஆபரேட்டரின் நேரத்தைத் தின்கிறது என்பதை மேலே உள்ள கணக்கிலேயே பார்த்தீர்கள். அடங்கும் முன் காத்திருக்கும் ஆஃப் டிலே அவருடைய நேரத்தைத் தொடுவதில்லை. அலாரம் திரையில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும், அவ்வளவுதான். விரைந்து செயல்பட வேண்டிய அலாரம் விட்டுவிட்டு ஒலித்தால் ஆஃப் டிலேயைப் பயன்படுத்துங்கள். கணநேரம் வந்து தானே மறையும் அலாரங்களுக்கு மட்டும் ஆன் டிலே போதும்.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரசாயன ஆலையின் கன்ட்ரோல் ரூமில் இரவு ஷிப்டில் போய் உட்கார்ந்தேன். ஒரு பம்பின் ஓட்டம் குறைந்த சுமையில் 39.5க்கும் 40.8க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. லோ வரம்பு 40, டெட்பேண்ட் பூஜ்யம். ஓரிரவில் அந்த ஒரு டேக் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அலாரம் கொடுத்தது. அக்னாலெட்ஜ் பொத்தானைப் பார்த்தேன். தேநீர் குடித்த காகிதக் கோப்பையைக் கிழித்து, நான்காக மடித்து, பொத்தான் அழுந்தியபடியே நிற்கும்படி அதன் ஓரத்தில் செருகியிருந்தார்கள். ‘சார், அதைப் பார்க்காதீங்க, அது எப்பவும் அடிக்கிறதுதான்’ என்றார் ஆபரேட்டர். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலையே பார்க்க முடியாத நிலையில் அவர் இருந்தார். ஆனால் அந்த மடித்த காகிதம் அன்றிரவு வந்த மற்ற எல்லா அலாரங்களையும் சேர்த்தே வாயடைத்துக்கொண்டிருந்தது. டெட்பேண்டை 3 சதவீதம் ஆக்கியதும், குறைந்த சுமைக்கென்று வரம்பை மீண்டும் கணக்கிட்டதும் சேர்ந்து அரை மணி நேர வேலை.

இப்போது முன்னுரிமை. அலாரம் ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு துறையினரும் தங்கள் கருவிக்கு உயர் முன்னுரிமை கேட்பார்கள். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முதல் பந்தியிலேயே இடம் வேண்டும் என்பதைப் போல. கம்ப்ரசர் விலை உயர்ந்தது, ஆகவே அதன் அலாரங்கள் எல்லாம் உயர் முன்னுரிமை என்பார் இயந்திரப் பிரிவுப் பொறியாளர். இதற்கு விட்டுக்கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மில்ஃபோர்ட் ஹேவன் சான்று. வேல்ஸில் உள்ள டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று, இடி மின்னலால் தொடங்கிய தடுமாற்றம் சில மணி நேரம் நீண்டு வெடிவிபத்தில் முடிந்தது. ஒரு வால்வு உண்மையில் மூடியிருக்க, திரை அதைத் திறந்ததாகக் காட்டியது. எரித்து வெளியேற்றும் வாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் கலனான ஃபிளேர் டிரம், திரவம் சேர்ந்து நிறைந்தது. குழாய் உடைந்து ஏறத்தாழ 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறித் தீப்பற்றியது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்பதற்கு முந்தைய ஏறத்தாழ 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களின் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. அந்த அமைப்பில் இருந்த 2040 அலாரங்களில் 87 சதவீதம் உயர் முன்னுரிமை பெற்றவை. 275இல் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே கருவி அந்த முன்னுரிமை. நூற்றுக்கு 87 ஒரே நிறத்தில் இருக்கும்போது அது எதைச் சொல்லும்?

முன்னுரிமையை இரண்டு பொருள்கள் முடிவு செய்கின்றன: கவனிக்காமல் விட்டால் நேரும் விளைவின் கடுமை, செயல்படக் கிடைக்கும் நேரம். கூட்டங்களில் பெரும் சண்டை விளைவைப் பற்றித்தான் வரும். ஒரு விதியை முதல் நாளே எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். அந்த விதி இது: விளைவை மதிப்பிடும்போது மற்றப் பாதுகாப்புகள், அதாவது இன்டர்லாக்கின் டிரிப்பும் அழுத்தத்தை வெளியேற்றும் நிவாரண வால்வும், தங்கள் வேலையைச் செய்யும் என்றே கொள்ள வேண்டும். நமது தொட்டியின் 70 சதவீத அலாரத்தைக் கவனிக்காவிட்டால் நேரடியாக நேருவது உள்வரத்து அடைபட்டு ஒரு ஷிப்ட் உற்பத்தி போவது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ‘அலாரத்தைப் பார்க்கவில்லை, இன்டர்லாக்கும் வேலை செய்யவில்லை, தொட்டி வழிந்தது, பக்கத்தில் வெல்டிங் நடந்தது’ என்று கதையை வளர்த்துக்கொண்டே போய் உயிரிழப்பில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்த வழியில் போனால் எந்த அலாரத்தையும் உயிரிழப்பில் முடிக்கலாம்; எல்லாம் உயர் முன்னுரிமை ஆகிவிடும். அடுக்கடுக்கான தோல்விகளை ஆராய்வதற்கு, ஆபத்துகளை வரிசையாக அலசும் ஹேசாப் கூட்டமும் பாதுகாப்பு அடுக்கு ஆய்வும் இருக்கின்றன. அங்கே ஓர் அலாரத்தின் மீதும் அதற்கான மனிதச் செயலின் மீதும் பாதுகாப்புப் பொறுப்பு வைத்திருந்தால், அந்த அலாரத்தைத் தனி வகுப்பில் வைத்து, காலமுறைப்படி சோதித்துப் பதிய வேண்டும். வழக்கமான கட்டுப்பாட்டு அமைப்பில் அமைந்த அலாரம் ஆபத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதற்கு மேல் கணக்கில் உரிமை கோர, பாதுகாப்புக் கருவி அமைப்புகளுக்கான ஐஈசி 61511 தரநிலை இடம் தருவதில்லை.

நேரத்தை நான் நான்காகப் பிரிப்பது வழக்கம்: 3 நிமிடத்துக்குள், 3 முதல் 10 வரை, 10 முதல் 30 வரை, 30க்கு மேல். விளைவை மூன்றாக: சிறியது, பெரியது, கடுமையானது. நேரம் குறையக் குறைய முன்னுரிமை ஏறும். விளைவு கடுமையாக ஆக ஏறும். நமது தொட்டிக்கு அலாரம் வந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கிறது, விளைவு பெரியது. ஆகவே நடுத்தர முன்னுரிமை. 3 நிமிடத்துக்குள் செயல்பட வேண்டியது என்று வந்தால், முன்னுரிமையைக் கூட்டுவதற்கு முன் தானியங்கித் தர்க்கம் எழுத முடியுமா என்று பாருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் அவகாசம் இருந்தால், வரம்பை மிக முன்னதாக வைத்துவிட்டோமா, இதற்கு அலாரம்தான் வேண்டுமா என்று திரும்பக் கேளுங்கள். கேட்டுப் பார்த்ததில் பாதிக்கு மேல் ஷிப்ட் குறிப்பேட்டுக்குப் போய்ச் சேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

வேலை முடிந்ததும் விகிதத்தைச் சரிபார்க்கலாம். குறைந்த முன்னுரிமை 80 சதவீதம், நடுத்தரம் 15, உயர்வு 5 என்ற அளவை ஒட்டி வர வேண்டும் என்பது வழிகாட்டிகளின் பரிந்துரை. இந்த விகிதத்தை இலக்காக வைத்துக்கொண்டு அலாரங்களை அங்கும் இங்கும் நகர்த்தாதீர்கள்; விதியை நேர்மையாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் போய் நிற்கும், வெகுவாக விலகியிருந்தால் விதியில் பிழை இருக்கிறது என்று பொருள். டிரான்ஸ்மிட்டர் கோளாறு, கார்டு பழுது போன்ற கருவி நோய்க்குறிகளுக்குத் தனி வகுப்பு கொடுத்துப் பராமரிப்புப் பிரிவின் திரைக்கு அனுப்புங்கள்; கோளாறால் ஆபரேட்டர் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய லூப்புகளுக்கு மட்டும் அவர் திரையில் காட்டினால் போதும். நிறத்தைப் பொறுத்தவரை ஒரு சொல்: அலாரத்துக்கென்று ஒதுக்கிய சிவப்பையும் ஆரஞ்சையும் மஞ்சளையும் ஓடும் பம்புக்கும் குழாய்க்கும் பூசாதீர்கள், நிறத்தோடு வடிவமும் எண்ணும் மாறட்டும், நிறக்குருடு உள்ளவரும் அந்த நாற்காலியில் உட்காருவார்.

ஹைஹை அலாரம் பற்றி மேலும் ஒரு எச்சரிக்கை. அது ஹை அலாரத்துக்குப் பின் நிற்கும் இரண்டாவது காவல் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வந்தால் அது ஒரே காவல்தான். இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலையில் 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று மணிக்கு மட்டக் கருவி மாட்டிக்கொண்டு, அதற்குப் பின் ஒரே எண்ணைக் காட்டியது. அந்தத் தொட்டிக்கு அடுத்தடுத்து மூன்று மட்ட அலாரங்கள் இருந்தன. மூன்றும் அந்த ஒரே கருவியைச் சார்ந்தவை, ஒன்றுகூட ஒலிக்கவில்லை. தனியாக வைத்திருந்த உச்ச மட்டச் சுவிட்ச்சும் இயங்கும் நிலையில் இல்லை. தொட்டி வழிந்து, காலை ஆறு மணியளவில் ஆவி மேகம் வெடித்தது. உள்வரத்து இருக்கும்போது மட்டம் அசையாமல் நின்றால் அதற்கு ஓர் அலாரம் வையுங்கள். வரம்பு மீறல் அலாரம் பிடிக்காத கோளாறு அது.

வெள்ளம் என்று சொல்லப்படும் நிலைக்கு, அதாவது ஒரு ஆபரேட்டருக்கு 10 நிமிடத்தில் 10க்கு மேல் அலாரம் வரும் நிலைக்கு, வரம்பையும் முன்னுரிமையையும் திருத்துவது மட்டும் மருந்தாகாது. பம்ப் நின்றால் ஓட்டம் குறைவு, வெளியேற்ற அழுத்தம் குறைவு, அடுத்த கலனின் மட்டம் குறைவு என்று வரிசையாக வரும். எல்லாம் சரியான அலாரங்கள்தான், ஆனால் எல்லாம் ஒரே செய்தி. பம்ப் ஓடவில்லை என்ற நிலையையே நிபந்தனையாக்கி, அதன் ஓட்ட, அழுத்த அலாரங்களைத் தானாக அடக்கும் தர்க்கத்தை எழுத வேண்டும். பெரிய கம்ப்ரசர் டிரிப் ஆனால் முதலில் வந்த காரணத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: நிற்கக் கூடாத நேரத்தில் பம்ப் நின்றதற்கான அலாரத்தையே இந்தத் தர்க்கத்தில் சேர்த்து அடக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். காரணத்தை விட்டுவிட்டு விளைவுகளை மட்டும் அடக்குங்கள்.

இந்த வேலையைத் தனி அறையில் கருவிப் பொறியாளர் ஒருவராக உட்கார்ந்து செய்ய முடியாது. செயல்முறைப் பொறியாளர் விளைவைச் சொல்வார், கருவிப் பொறியாளர் அளவீட்டின் பிழையைச் சொல்வார். களப்பணியாளர் பம்ப் ஹவுஸுக்குப் போக 4 நிமிடமா 7 நிமிடமா, மழை நாளில் எவ்வளவு என்பதை ஷிப்ட் ஆபரேட்டர்தான் சொல்வார். ஒவ்வொரு அலாரத்துக்கும் காரணம், விளைவு, செய்ய வேண்டியது, கிடைக்கும் நேரம், வரம்பு, முன்னுரிமை ஆகிய ஆறையும் ஒரு வரிசையில் எழுதி வையுங்கள். அந்த வரிசையே பின்னர் ஆபரேட்டரின் உதவித் திரையாகவும் பயன்படும். அந்தப் பட்டியலுக்கும் கணினியில் உள்ளதற்கும் வேறுபாடு வராமல் வாரம் ஒருமுறை ஒப்பிடும் ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இரவோடிரவாக வரம்புகள் மாறிவிடும். ஆபரேட்டர் தொந்தரவான அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க ஷெல்விங் வசதியைக் கொடுங்கள், ஆனால் ஷிப்ட் முடிந்ததும் தானாகத் திரும்பி வரும்படி காலக்கெடுவோடு. வரம்பையோ முன்னுரிமையையோ நிரந்தரமாக மாற்றுவது மாற்ற மேலாண்மைப் படிவத்தின் வழியாக மட்டுமே நடக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், வரம்புகளில் கை வைக்கும் முன் கடந்த 30 நாள் அலாரப் பதிவை எடுத்து டேக் வாரியாக எண்ணுங்கள். நான் பார்த்த ஆலைகளில் முதல் பத்து டேக்குகளே மொத்த எண்ணிக்கையில் பெரும்பங்கைப் பிடித்திருந்தன. அவற்றில் மிகுதியும் டெட்பேண்ட் இல்லாதவை, பழுதான கருவிகள், நிறுத்தி வைத்த உபகரணங்களின் லோ அலாரங்கள். அவற்றைச் சரிசெய்தாலே 4000 என்பது ஆயிரத்துக்குள் வரக்கூடும். அதன் பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஒரு ஆபரேட்டருக்கு நாளொன்றுக்கு 150 என்ற அளவை எட்டினால் நல்ல நிலை; 300 தாங்கக்கூடிய உச்சம். 85, 95 என்று மொத்தமாக மாற்றும் கோரிக்கையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்தப் பத்து டேக்குகளைச் சரிசெய்யும் வரை உங்கள் வரம்புகளில் எது தளர்வு, எது இறுக்கம் என்று அந்தப் பதிவைப் பார்த்துச் சொல்லவே முடியாது.